பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பொதுப் பணம்: தலைப்பை வைத்து முடிவு செய்யலாமா?

மாலைவெயில்

பல்கலைக்கழகங்களில் அரசு நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களின் பட்டியல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தில் ஆழ்கடல் புழுக்களின் சுவாசம், பதின்வயதினரின் தூக்கம், அழிந்துவரும் ஒரு மொழியின் வினைச்சொற்கள், நியூட்ரினோ, நூறு வருடத்துக்கு முந்தைய வாடகைப் பத்திரங்கள். எல்லாவற்றுக்கும் பணம் போயிருக்கிறது. குறை சொல்ல வரவில்லை, நான் இந்தத் துறைகளில் படித்தவனும் இல்லை. ஆனால் இது எல்லோரிடமிருந்தும் வரியாக வாங்கிய பணம். யாருக்குக் கொடுப்பது என்பதை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? புழுவுக்குக் கொடுத்ததை மருத்துவமனைக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நுண்ணுயிரி

நல்ல கேள்வி. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அதனால் என் பக்கத்திலிருந்து ஒரு கதை.

1960-களில் தாமஸ் பிராக் என்ற பேராசிரியர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில் என்ன உயிர் வாழ்கிறது என்று பார்க்கக் கிளம்பினார். இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்தார். பணம் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிலிருந்து, அதாவது அரசிடமிருந்து வந்தது. மருந்து, நோய், தொழில் எதுவும் அவர் நோக்கத்தில் இல்லை. கை வைக்க முடியாத சூட்டில் எப்படி ஒரு உயிர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அவருடன் வேலை பார்த்த ஹட்சன் ஃப்ரீஸ் அப்போது இளநிலை மாணவர். இருவரும் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சுகமாக வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1969-ல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். 'இப்படி ஒரு புது பாக்டீரியா இருக்கிறது' என்பதற்கு மேல் அந்தத் தலைப்பில் எதுவும் இல்லை. உங்கள் பட்டியலில் இருந்திருந்தால் புழுவுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

1976-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் வேறு சிலர் அதே பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் நொதியைத் தனியாக எடுத்தார்கள். 1983-ல் கேரி முல்லிஸ் என்ற வேதியியலாளர், துளியளவு டி.என்.ஏ.வைச் சுற்றுச் சுற்றாகப் பிரதி எடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை யோசித்தார். அதில் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பிரிக்க 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். சாதாரண நொதி அந்தச் சூட்டில் செத்துவிடும். சுற்றுக்குச் சுற்று குழாயைத் திறந்து புது நொதி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெந்நீர் பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டைத் தாங்கியது. ஒருமுறை போட்டால் கடைசிச் சுற்று வரை ஓடும். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனை, குற்ற வழக்குகளில் டி.என்.ஏ. சோதனை, மரபுநோய் பரிசோதனை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

முல்லிஸ் வேலை பார்த்தது தனியார் நிறுவனத்தில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பி.சி.ஆர். தனியாரில் பிறந்தது. ஆனால் 1966-ல் எந்த நிறுவனமும் வெந்நீர் ஊற்றில் பாக்டீரியா தேடச் சம்பளம் கொடுத்திருக்காது. அந்த இடத்துக்குத்தான் பொதுப் பணம்.

கணக்குப்புத்தகம்

நான் தணிக்கைத் துறை ஆள். இந்தக் கதையை எங்கே போனாலும் கேட்கிறேன். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இது பரிசு விழுந்தவரை மட்டும் கூப்பிட்டுப் பேட்டி எடுப்பது போல இருக்கிறது. ஜெயித்த ஆய்வுகளை மட்டும் எண்ணினால் எல்லா ஆய்வும் லாபமாகத்தான் தெரியும். பிராக் காலத்தில் அதே அமைப்பிடம் பணம் வாங்கி, யாரும் திரும்பிப் பார்க்காத கட்டுரையோடு முடிந்த திட்டங்கள் எத்தனை இருந்திருக்கும்? அவற்றை வைத்துக்கொண்டு பேசுங்கள். 'என்றாவது பயன்படும்' என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாமே.

நுண்ணுயிரி

ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலான திட்டங்களிலிருந்து தலைப்புச் செய்தி வராது. கேள்வி, ஜெயிப்பதை முன்கூட்டியே பொறுக்கி எடுக்க முடியுமா என்பதுதான். முடியாது என்பதற்குக் கையில் ஆதாரம் இருக்கிறது. காட்டலின் காரிகோ என்ற உயிர்வேதியியலாளர் எம்.ஆர்.என்.ஏ. (எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) ஆய்வுக்காக 1990-களில் போட்ட விண்ணப்பங்கள் அடுத்தடுத்து நிராகரிக்கப்பட்டன. 1995-ல் பல்கலைக்கழகத்தில் அவரைப் பதவி இறக்கினார்கள். ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து அவர் 2005-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பின் மேல்தான் எம்.ஆர்.என்.ஏ. வகைக் கோவிட் தடுப்பூசிகள் எழுந்தன. 2023-ல் இருவருக்கும் நோபல். அந்த விண்ணப்பங்களைத் தள்ளியவர்கள் துறை வல்லுநர்கள். துறைக்குள் இருப்பவர்களாலேயே கணிக்க முடியாததை, தலைப்பை மட்டும் படிக்கிற நாம் எப்படிக் கணிப்பது?

தலைப்பை வைத்துப் பேசியதால் நடந்ததையும் சொல்கிறேன். இறாலை டிரெட்மில்லில் ஓட விட்டார்கள் என்று அமெரிக்காவில் பெரிய சர்ச்சை ஆனது. 2011-ல் ஒரு செனட்டரின் அறிக்கை வீண்செலவுக்கு உதாரணமாக அதைக் காட்டியது. அரை மில்லியன் டாலர் டிரெட்மில்லுக்குப் போனது என்று பலர் நம்பினார்கள். உண்மையில் டிரெட்மில் உதிரிச் சாமான்களில் செய்தது, 50 டாலருக்கும் குறைவு, அதையும் ஆய்வாளர் தன் கையிலிருந்து போட்டிருந்தார். பெரிய தொகை பல வருட ஆய்வுக்கானது: நீரில் ஆக்சிஜன் குறையும்போதும் பாக்டீரியா தொற்றும்போதும் இறாலின் உடல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று அளந்தார்கள். நோயுற்ற விலங்கின் திறனை அளக்க அதை ஓட வைப்பதைத் தவிர வேறு என்ன வழி? மனிதருக்கு இதயப் பரிசோதனை செய்யும்போதும் டாக்டர் அதைத்தான் செய்கிறார்.

மேகமூட்டம்

அதிர்ஷ்டக் கதைகளை விட்டு, வேறு வகை ஒன்றைச் சொல்கிறேன். கணக்குப்புத்தகம் அவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதில் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. பிடிவாதம்தான் இருக்கிறது.

சார்லஸ் டேவிட் கீலிங். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் இருந்தவர். 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றின் கார்பன் டை ஆக்சைடை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வடக்கு அரைக்கோளத்தில் கோடை வந்து இலைகள் துளிர்த்தால் அளவு இறங்கும், குளிரில் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தோடு கோடு மொத்தமாக மேலே போகிறது. முதல் வருடத்தில் ஏற்ற இறக்கம் மட்டும்தான் தெரியும். மேலே போவதைப் பார்க்க வருடங்கள் வேண்டும்.

அந்த வருடங்களுக்கு யார் பணம் தருவது என்பதுதான் அவர் வாழ்நாள் போராட்டம். 'இது வழக்கமான கண்காணிப்பு, ஆய்வு இல்லை' என்ற வாதத்தைப் பலமுறை சந்தித்தார். 1964-ல் பட்ஜெட் வெட்டால் அளவீடு கொஞ்ச காலம் நின்றே போனது. அந்த இடைவெளி தொடரில் இன்றும் இருக்கிறது. எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த வாரங்களின் காற்றை இனி அளக்க முடியாது.

மூன்று வருடத் திட்டம் என்று கணக்குப் போடும் முறையில் இப்படிப்பட்ட வேலைக்கு இடமே இல்லை. பொதுப் பணத்தின் உண்மையான வீணடிப்பு எங்கே என்று கேட்டால், வினோதத் தலைப்புகளில் இல்லை என்பேன். பாதியில் அறுந்த தொடர்களில் இருக்கிறது.

களத்துமேடு

மேகமூட்டம் சொன்னதை அப்படியே சமூக அறிவியலுக்குச் சொல்லலாம். இதுவரை யாரும் அந்தப் பக்கம் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968 முதல் குடும்பங்களின் வருமானத்தைத் தொடர்ந்து கேட்டுவருகிறது. சுமார் 5000 குடும்பங்களில் தொடங்கியது. பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனால் அவர்களையும் பின்தொடர்கிறார்கள். அதுவரை வறுமையை ஒவ்வொரு வருடமும் ஒரு சதவீதமாகத்தான் பார்த்தார்கள். சதவீதம் மாறவில்லை என்றால் அதே ஆட்கள்தான் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஒரே குடும்பத்தைத் தொடர்ந்து கேட்டபோதுதான் படம் மாறியது. பலர் வேலை போனதாலோ, மணமுறிவாலோ, நோயாலோ வறுமைக்குள் விழுந்து, ஓரிரு வருடத்தில் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நீண்ட காலம் உள்ளேயே கிடந்தவர்கள் சிறு பகுதி. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே உதவித் திட்டம் சரிப்படாது. ஒருமுறை மட்டும் எடுக்கும் கணக்கெடுப்பில் இது தெரியவே தெரியாது.

நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 1972-73-ல் டுனிடின் நகரில் பிறந்த 1037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறது. உயிரோடு இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்னும் வருகிறார்கள். வெளிநாடு போனவர்களுக்கு டிக்கெட் போட்டு வரவழைக்கிறார்கள். செலவுப் பட்டியலில் 'விமானப் பயணம்' என்று பார்த்தால் ஆடிட்டருக்கு நெற்றி சுருங்கும். ஆனால் வராதவர்கள் பெரும்பாலும் கஷ்டத்தில் இருப்பவர்கள். அவர்களை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் ஆட்கள் எல்லோரும் நன்றாக இருப்பதாகவே கணக்கு காட்டும். அந்த டிக்கெட்தான் ஆய்வின் நேர்மை.

களத்தில் இதைத் தினம் பார்க்கிறேன். பகலில் கதவைத் தட்டினால் திறப்பவர்கள் முதியவர்கள், வேலையில்லாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். பூட்டியிருக்கும் வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டுப் படிவத்தை நிரப்பினால் வேலை சீக்கிரம் முடியும், முடிவு தப்பாக வரும். அதே பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை திரும்பப் போக வேண்டும். 'மாத வருமானம் எவ்வளவு' என்று நேராகக் கேட்டால் வரும் எண் வேறு. போன வாரம் என்னென்ன வேலை, கையில் என்ன வந்தது, கடன் எவ்வளவு திருப்பினீர்கள் என்று பிரித்துக் கேட்டால் வரும் எண் வேறு. இதையெல்லாம் தெரிந்த களப்பணியாளரை உருவாக்க வருடங்கள் ஆகும். திட்டம் முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

மாலைவெயில்

களத்துமேடு, இது எனக்குப் புதிது. விமான டிக்கெட்டை நான் வீண்செலவுப் பக்கத்தில்தான் போட்டிருப்பேன்.

கணக்குப்புத்தகம்

கீலிங்கையும் டுனிடினையும் ஏற்றுக்கொள்கிறேன். அவற்றில் என்ன கிடைத்தது என்று கையில் எடுத்துக் காட்ட முடிகிறது. ஆனால் சமூக அறிவியல், உளவியல் பக்கம் ஒரு பெரிய கேள்வி பாக்கி இருக்கிறது. 2015-ல் உளவியல் ஆய்வுகள் 100-ஐத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதத்தில் விளைவு இருப்பதாகச் சொல்லியிருந்தது. திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான் நின்றது. அப்படியானால் மிச்சத்துக்குப் போன பணம்?

களத்துமேடு

அந்த எண்ணை நானும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் துறைகளுக்கு அது பலத்த அடி. ஆனால் சமூக அறிவியலோடு நிற்கவில்லை. 2012-ல் ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் புற்றுநோய் ஆய்வில் மைல்கல்லாகக் கருதப்பட்ட 53 கட்டுரைகளைச் சோதித்து, 6-ஐத்தான் உறுதிப்படுத்த முடிந்தது என்று எழுதினார்கள். சிறிய மாதிரி, நல்ல முடிவு வந்தால் மட்டும் பிரசுரம், தரவைப் பூட்டி வைப்பது: இந்த நோய் எல்லாத் துறையிலும் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது, துறையை மூடாதீர்கள், நிபந்தனையைக் கடுமையாக்குங்கள் என்பதுதான். தரவு சேகரிக்கும் முன்பே எதைச் சோதிக்கப் போகிறோம் என்று பதிவு செய்ய வேண்டும். விளைவு இல்லை என்று வந்தாலும் வெளியிட வேண்டும். பழைய ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பதற்கும் நிதி வேண்டும். இந்த மூன்றாவதற்கு இன்று விண்ணப்பம் போட்டால் 'இதில் புதுமை என்ன' என்று மதிப்பீட்டாளர் கேட்பார்.

துறையையே வெட்டிப் பார்த்ததும் நடந்திருக்கிறது. 2013-ல் அமெரிக்க நாடாளுமன்றம், தேசியப் பாதுகாப்புக்கோ பொருளாதார நலனுக்கோ உதவினால் ஒழிய அரசியல் அறிவியலுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரக் கூடாது என்று விதி போட்டது. அந்த வருடம் ஒரு சுற்று விண்ணப்ப அழைப்பே ரத்தானது. அடுத்த வருடம் விதியைத் தொடரவில்லை. இத்தனைக்கும் 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல்காரர். நிலத்தடி நீர், பாசனம், மீன்பிடி போன்ற பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று ஊர் ஊராகத் தரவு சேர்த்துக் காட்டியவர்.

இரவுப்பணி

மாலைவெயில் முதலில் கேட்ட 'யார் தீர்மானிக்கிறார்கள்' என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. முனைவர் பட்டம் முடித்து ஒப்பந்த ஆய்வாளராக இருப்பதால் அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்.

பொதுவாக நடப்பது இது. நிதி அமைப்பு அழைப்பு விடும். ஆய்வாளர் விண்ணப்பம் எழுதுவார்: கேள்வி என்ன, இதுவரை என்ன தெரியும், எப்படிச் செய்வேன், எவ்வளவு ஆகும். அதே துறையில் இருக்கும் வெளியாட்கள் படித்துக் குறிப்பு எழுதுவார்கள். ஒரு குழு உட்கார்ந்து வரிசைப்படுத்தும். பணம் இருக்கும் வரை மேலிருந்து கொடுப்பார்கள், அதற்குக் கீழே கோடு. புழு விண்ணப்பம் புழு ஆய்வாளர்களோடு போட்டி போடும், மருத்துவமனையோடு இல்லை. எந்தத் துறைக்கு எவ்வளவு என்பது அதற்கு முன்பே அரசியல் மட்டத்தில் பிரிந்துவிடும். ஆகவே 'ஏன் மருத்துவமனைக்கு இல்லை' என்பதைக் கேட்க வேண்டிய இடம் பட்ஜெட்தான். ஆய்வாளரிடம் கேட்டுப் பயனில்லை.

இந்த முறைக்கு ஆகும் விலையைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 2012-ல் மருத்துவ ஆய்வு நிதிக்கு 3727 விண்ணப்பங்கள் போயின. அவற்றை எழுத ஆன நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 550 ஆள்-வருடம், அதாவது 550 பேர் ஒரு வருடம் முழுக்கச் செய்யும் வேலை. கிடைத்தது ஐந்தில் ஒருவருக்கு. மிச்சப் பேர் எழுதியதெல்லாம் குப்பைக்கு. மேல்தட்டில் இருக்கும் விண்ணப்பங்களுக்குள் எது சிறந்தது என்று குழுவால் நம்பகமாகச் சொல்ல முடிவதில்லை என்பதால் நியூசிலாந்து சுகாதார ஆய்வுக் கழகம் 2013-ல் ஒரு வகை நிதிக்குக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. தகுதி இருக்கிறதா என்று மட்டும் குழு பார்க்கும், பிறகு சீட்டு. பிரிட்டிஷ் அகாடமியும் 2022-ல் சிறு நிதிகளுக்கு இதை ஆரம்பித்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. தோற்றவருக்குத் தன் யோசனை மட்டமானது என்ற எண்ணம் வராது, பெரிய பெயருக்குச் சலுகையும் இல்லை.

கணக்குப்புத்தகம்

குலுக்கலா? பொதுப் பணத்தையா? இதை எந்தத் தணிக்கையிலும் என்னால் விளக்க முடியாது.

இரவுப்பணி

தகுதிக் கோட்டைத் தாண்டியவர்களுக்குள் மட்டும்தான் குலுக்கல். கோடு எங்கே, யார் போட்டது என்பதை நீங்கள் தணிக்கை செய்யலாம். மறுபக்கம் என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் நிபுணர் குழு பரிந்துரைத்த, வரலாறு, இலக்கியம், கலை போன்ற துறைகளின் 11 திட்டங்களை அமைச்சர் தன் அதிகாரத்தில் நிறுத்திவிட்டார் என்பது 2018-ல்தான் வெளியே வந்தது. அதுவரை அந்த ஆய்வாளர்களுக்கே காரணம் தெரியாது. 2024-ல் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தில் பெரும்பகுதியை எடுத்தார்கள். சீட்டைவிட எனக்கு அது பயமாக இருக்கிறது.

அப்புறம், மேகமூட்டம் சொன்ன மூன்று வருடக் கணக்கு. முதல் வருடம் ஆள் எடுக்கவும் கருவி வாங்கவும் போகும். நடுவில் வேலை. மூன்றாம் வருடம் அடுத்த விண்ணப்பம். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் நிதி அனுமதி தாமதமானபோது சம்பளம் நின்றது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை மட்டும் நிறுத்த முடியாது, அதில் பல வருட மாதிரிகள் இருந்தன. ஃப்ரீசருக்கு மின்சாரம் எங்கிருந்தாவது வந்தது. அதில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்திருந்த டெக்னீஷியன் அந்த இடைவெளியில் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு பாதி மாதிரிகளை யாராலும் பயன்படுத்த முடியவில்லை. இந்த நஷ்டம் எந்த அறிக்கையிலும் வரவில்லை.

கணக்குப்புத்தகம்

இது எனக்குப் புரிகிற மொழி. சொத்துப் பதிவேட்டில் ஃப்ரீசர் இருக்கும், அந்த டெக்னீஷியனின் அறிவு இருக்காது. இதைத் தணிக்கைக் குறிப்பாக எழுத வழி இருக்கிறதா என்று உண்மையாகவே யோசிக்கிறேன்.

ஆனால் என் முக்கியக் கோரிக்கையை விடவில்லை. பயன் என்ன என்று முன்கூட்டியே கேட்கக் கூடாது என்கிறீர்கள், சரி. அப்படியானால் பணம் கொடுத்த மக்களுக்குத் திரும்ப வர வேண்டியது என்ன? ஏதாவது ஒன்று கட்டாயமாக வர வேண்டுமல்லவா?

நுண்ணுயிரி

வர வேண்டும். கட்டுரை, தரவு, மாதிரி மூன்றும். பிராக் தன் பாக்டீரியாவைப் பொதுச் சேகரிப்பு ஒன்றில் வைத்திருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதைக் கேட்டு வாங்க முடிந்தது. அவர் ஃப்ரிட்ஜில் மட்டும் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மனித டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்த மனித மரபணுத் திட்டத்தில் 1996-ல் பெர்முடாவில் கூடி, படித்த டி.என்.ஏ. வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவெளியில் போடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். கட்டுரை எழுதும் வரை பூட்டி வைக்கும் பழக்கத்தை ஒரு பெரிய துறையே கைவிட முடியும் என்பதற்கு அது சாட்சி. கட்டுரைகளும் அப்படித்தான். மக்கள் பணத்தில் செய்த ஆய்வை மக்கள் மறுபடி சந்தா கட்டிப் படிப்பது அநியாயம். 2018-ல் ஐரோப்பிய நிதி அமைப்புகள் சில சேர்ந்து, தங்கள் பணத்தில் வந்த கட்டுரைகள் உடனே இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று திட்டம் அறிவித்தன. 2022-ல் அமெரிக்க வெள்ளை மாளிகையும் தன் துறைகளுக்கு அதே மாதிரி உத்தரவு போட்டது. ஆனால் பல ஜேர்னல்கள் இப்போது வாசகருக்குப் பதில் ஆய்வாளரிடம் கட்டணம் வாங்குகின்றன. அதுவும் பெரும்பாலும் நிதியிலிருந்தே போகிறது. தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

மாலைவெயில்

ஒரு சந்தேகம். பாக்டீரியா தரவை வெளியே போடலாம். களத்துமேடு கேட்கும் தரவை? என் வருமானம், கடன், மணமுறிவு எல்லாம் இணையத்தில் இருந்தால் நான் பதிலே சொல்ல மாட்டேன்.

களத்துமேடு

சொல்லக் கூடாதுதான். பேரை நீக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. சிறிய ஊர், 58 வயது, பெண், மருத்துவர், மூன்று பிள்ளைகள் என்று நான்கைந்து விவரம் சேர்ந்தால் ஊர்க்காரர் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்.

அதனால் தரவை அடுக்கடுக்காகப் பிரிப்பது வழக்கம். வயதை ஐந்து வருடத் தொகுப்பாக மாற்றி, ஊரை மாவட்டமாக்கிய கோப்பு எல்லோருக்கும். ஊர் பெயரோடு இருக்கும் கோப்பு, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆய்வாளருக்கு மட்டும். மருத்துவப் பதிவோடு இணைத்தது வெளியே போகவே போகாது. பாதுகாப்பான அறையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், முடிவு அட்டவணையை மட்டும், அதுவும் சரிபார்த்த பிறகு, எடுத்துப்போகலாம். கேள்வி கேட்கும் முன்பே யார் யார் பார்ப்பார்கள் என்று பதில் சொல்பவரிடம் சொல்லிவிடுவோம். வேண்டாம் என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம்.

இந்த வேலைக்குத் தனி ஆள் வேண்டும், திட்டம் முடிந்த பிறகும் வேண்டும். பல நிதிப் படிவங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கணக்குப்புத்தகம், தணிக்கைக் குறிப்பு எழுதுவீர்கள் என்றால் இதையும் சேருங்கள். விவரம் வேண்டுமென்றால் நாங்கள் பயன்படுத்தும் ஒப்புதல் படிவத்தின் வாசகத்தைத் தனி இழையில் போடுகிறேன்.